இஞ்சினுக்கும் ஒரு கிராணி வேண்டும்

காடி இஞ்சினை டியூன் செய்யும்போது பயன்படும் 'டேட்டா லாகர்' எனும் தரவுப் பதிவுக் கருவியைப் பற்றி மன்றத்தில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. "இது பையன்கள் விஷயமாயிற்றே, குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சிக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். பையன்கள் காசைக் கொட்டி, சில வேளைகளில் உயிரையும் பணயம் வைக்கும் விஷயம் என்பதால்தான் இதைக் குடும்பத்தோடு பேச வேண்டியிருக்கிறது.

ஜொகூருக்கும் வேகத்திற்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1960களில் ஜொகூர் பாரு நகரத்துச் சாலைகளிலேயே ஜொகூர் கிராண்ட் பிரி பந்தயங்கள் நடந்தன. 1986-இல் பாசிர் கூடாங்கில் 3.86 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி பந்தயமே அங்கு நடந்தது. மாசாய், உலு திராம், ஸ்கூடாய் வட்டாரங்களில் வளர்ந்த பலருக்கு அந்த இரைச்சல் நினைவிருக்கும். அந்த ஆசையின் மிச்சம்தான் இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய புரோட்டோனின் பானெட்டுக்குள் புகுந்திருக்கிறது.

தம்பியின் வீரா

என் சித்தப்பா மகன் ஒரு பழைய புரோட்டோன் வீரா வாங்கினான். அதில் இருந்த சாதாரண இஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து 'ஹாஃப் கட்' ஆக வந்த டர்போ இஞ்சினைப் பொருத்தினான். சம்பளத்தில் மாதாமாதம் சேர்த்த பணம். பட்டறையில் பொருத்திக் கொடுத்தவர் இரவில் காடியைச் சாலையில் ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டு, டேஷ்போர்டில் ஒட்டிய ஒரு மீட்டரைக் கண்ணால் பார்த்து, "எல்லாம் ஓகே" என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றே வாரம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு லோரியை முந்தும்போது 'படார்' என்று ஒரு சத்தம். பின்னால் புகை மண்டலம். இஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனின் தலையில் ஓட்டை. அன்று சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் அவன் போகவில்லை என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. பின்னால் வந்த காடிகள் விலகிப் போனதால்தான் அவன் இன்று நம்மோடு இருக்கிறான்.

"இஞ்சின் பழசு, அதுதான் போச்சு" என்றார்கள். அவனும் நம்பினான். கடன் வாங்கி இரண்டாவது இஞ்சின் வாங்கினான். இந்த முறை வேறொரு மெக்கானிக் அண்ணன், பொருத்தியதும் ஓட்டிப் பார்க்கவில்லை. உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை எடுத்து வந்து, நான்கைந்து ஒயர்களை இழுத்துக் கட்டினார். உண்மை அந்தப் பெட்டியிலிருந்துதான் வெளிவந்தது. என்ன உண்மை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

கிராணி செய்யும் வேலை

நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்தில் கிராணி ஒருவர் இருப்பார். அவர் மரம் வெட்டமாட்டார், பால் எடுக்கமாட்டார். யார் எத்தனை மணிக்குப் பெரட்டுக்கு வந்தார், யார் எவ்வளவு பால் கொண்டு வந்தார் என்று எழுதி வைப்பார். மாதக் கடைசியில் தகராறு வந்தால் அந்தப் புத்தகம்தான் பேசும்.

தரவுப் பதிவுக் கருவியும் அப்படித்தான். அது இஞ்சினின் எந்தப் பாகத்தையும் இயக்குவதில்லை. எண்ணெய் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று கட்டளை போடுவது இ.சி.யு. எனப்படும் இஞ்சின் கணினியின் வேலை. பதிவுக் கருவி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விநாடிக்குப் பல முறை ஒவ்வொரு சென்சாரின் அளவையும் நேரத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளும். பிறகு மடிக்கணினியில் போட்டால் எல்லாம் கோடுகளாக விரியும்.

எதையெல்லாம் எழுதும்? இஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை சுற்று சுற்றுகிறது. எக்ஸலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம். உள்ளே போகும் காற்றின் அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு. எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு. புகையின் வெப்பம் எவ்வளவு. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றும் எண்ணெயும் எந்த விகிதத்தில் கலந்து எரிகின்றன.

'ஸ்டேண்ட் அலோன்', அதாவது தனித்து இயங்கும் கருவி என்று ஏன் சொல்கிறோம்? இன்றைய காடிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. எனும் துளை உண்டு. அமெரிக்காவில் 1996 மாடல் முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் காடிகளுக்கு 2001 முதலும் இந்தப் பொதுவான முறை கட்டாயமாக்கப்பட்டது. ஒரு மலிவான கருவியை அதில் செருகினால் கைப்பேசியிலேயே பல அளவுகளைப் பார்க்கலாம். ஆனால் 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994-இல் வந்த பெரோடுவா கன்சிலிலும் கார்புரேட்டர்தான். கேள்வி கேட்பதற்கு அங்கே கணினியே இல்லை.

துளை உள்ள காடியிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் துளை சொல்வது இ.சி.யு. தனக்குத் தெரிந்ததாக நினைப்பதை மட்டும்தான். தப்பு செய்தவரிடமே வாக்குமூலம் வாங்குவது போல. தனித்து இயங்கும் கருவி தன் சொந்த சென்சார்களையும் சொந்த நினைவகத்தையும் கொண்டு வருகிறது. அது மூன்றாம் மனிதரின் சாட்சி. ஆஸ்திரேலியாவில் 1987-இல் தொடங்கிய மோட்டெக் போன்ற நிறுவனங்கள் பந்தயக் காடிகளுக்கு இப்படிப்பட்ட கருவிகளைச் செய்தன. அமெரிக்க நிறுவனமான இன்னோவேட்டின் எல்.எம்.-1 போன்ற கையடக்கக் கருவிகள் வந்த பிறகு சாதாரணப் பட்டறைக்கும் இது எட்டியது.

பதினான்கு புள்ளி ஏழு

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவுதான். அப்படியானால் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று. கன அளவில் சொன்னால் 9,000 லிட்டருக்கும் மேல். இஞ்சின் குடிப்பது பெட்ரோலை விடக் காற்றைத்தான்.

மெதுவாக ஓட்டும்போது 14.7 நல்ல விகிதம். முழுவதும் மிதித்து ஏறும்போது எண்ணெயைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். டர்போ இல்லாத இஞ்சினில் பொதுவாக 12.5 முதல் 13 வரை, டர்போ இஞ்சினில் 11.5 முதல் 12 வரை வைப்பார்கள். எண்ணெய் கூடினால் வீணாகும், புகை கறுக்கும். எண்ணெய் குறைந்தால்தான் ஆபத்து. எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் அலுமினியக் கலவையில் செய்த பிஸ்டன் ஏன் தினமும் உருகுவதில்லை? அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம் வெப்பத்தைத் தடுக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் சூட்டை இழுத்துக்கொள்கின்றன. கலவையில் எண்ணெய் குறைந்து, தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன் கலவை தானாக வெடிக்கத் தொடங்கினால் அதை 'நாக்கிங்' என்கிறோம். அந்த அதிர்ச்சி அலை வாயுப் படலத்தைக் கிழித்துவிடும். அப்புறம் சில விநாடிகள் போதும்.

காதும் கண்ணும் போதாதா?

மன்றத்தில் ஒரு மூத்த மெக்கானிக் எழுந்து கேட்டார்: "முப்பது வருஷமா காதை வைத்துத்தான் டியூன் செய்கிறேன். என் காதை விடவா இந்தப் பெட்டி பெரிது?"

அவர் கேள்வியில் நியாயம் உண்டு. அனுபவமுள்ள காது பல நோய்களைக் கண்டுபிடிக்கும். அந்தக் காலத்து மெக்கானிக்கிடமும் ஒரு பதிவுக் கருவி இருக்கத்தான் செய்தது. அதுதான் ஸ்பார்க் பிளக். கழற்றிப் பார்த்து, கறுத்திருந்தால் எண்ணெய் அதிகம், வெளுத்திருந்தால் எண்ணெய் குறைவு, மண் நிறமாக இருந்தால் சரி என்பார்கள். ஆனால் பிளக் ஓட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரே நிறத்தைத்தான் காட்டும். எந்த விநாடியில் தப்பு நடந்தது என்று சொல்லாது.

கணக்குப் பார்ப்போம். நிமிடத்திற்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 50 முறை எரிகிறது. மூன்றாவது கியரில் முழுவதும் மிதித்தால் 5,200-லிருந்து 6,000-க்கு ஏற ஒரு விநாடி அளவுதான் ஆகும். அந்த ஒரு விநாடியில் மீட்டரின் முள் நகர்ந்து, அதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொள்வதற்குள் கதை முடிந்துவிடும். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் காடி ஒரு விநாடியில் 30 மீட்டரைக் கடந்துவிடும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர் அந்த 30 மீட்டர் சாலையைப் பார்க்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று, காற்று இரைச்சலிலும் பெரிய எக்சோஸ்ட் சத்தத்திலும் 6,000 சுற்றில் நாக்கிங்கைக் காதால் பிரித்துக் கேட்பது எளிதல்ல. காது நல்ல மருத்துவர்தான். ஆனால் டாக்டரிடம் போனதும் நெஞ்சு வலி காணாமல் போய்விடும் நோயாளிக்கு என்ன செய்கிறார்கள்? நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் சிறு கருவியை உடம்பில் கட்டி அனுப்புகிறார்கள். டாக்டரை வேண்டாம் என்று சொல்லும் கருவி அல்ல அது. இதுவும் அப்படித்தான்.

தம்பியின் காடி சொன்ன உண்மை

இனி தம்பி கதைக்கு வருவோம். அந்த அண்ணன் சாலையில் ஓட்டவில்லை. சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழலும் டைனோ மேடையில் காடியைக் கட்டி, முன்னால் பெரிய காற்றாடியை வைத்து, முழுவதும் மிதித்துப் பதிவு செய்தார்.

கோடுகளைத் திரையில் விரித்தார். டர்போவின் காற்றழுத்தக் கோடு 0.8 பாரில் நேராக நின்றது. 4,500 சுற்றில் காற்று எண்ணெய் விகிதம் 11.6. அருமை. 5,200-ஐத் தாண்டியதும் அந்தக் கோடு மெல்ல மேலே ஏறியது. 5,800-இல் 13.3. அதே நொடியில் இன்னொரு கோடு கீழே இறங்கியது. எண்ணெயின் அழுத்தம் 3.7 பாரிலிருந்து 3 பாருக்கு வந்திருந்தது. அண்ணன் உடனே காலை எடுத்துவிட்டார்.

இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்ததும் காரணம் புரிந்தது. இஞ்சினை மாற்றியவர்கள் எண்ணெய்த் தொட்டிக்குள் இருந்த பழைய பம்ப்பை மாற்றவே இல்லை. சாதாரண இஞ்சினுக்குப் போதுமானதாக இருந்த பம்ப், டர்போ இஞ்சினின் பசிக்கு உயர் சுற்றுகளில் ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. நகரத்தில் ஓட்டும்போது தெரியாது. முள்ளைப் பார்த்த கண்ணுக்கும் தெரியவில்லை. சில நூறு ரிங்கிட் பம்ப் ஒன்றுக்காக முதல் இஞ்சின் போய்விட்டது. அதை மட்டும் மாற்றினார். மறுபடியும் பதிவு செய்தார். இந்த முறை 6,000 வரை விகிதக் கோடு கயிறு கட்டியது போல நேராக நின்றது.

கருவி "பம்ப் கெட்டுவிட்டது" என்று எங்கும் எழுதிக் காட்டவில்லை. விகிதம் கெட்ட நேரத்தில் வேறு எது கெட்டது என்று தேடியது அந்த மெக்கானிக்கின் அறிவு. என் பதிலைக் கேட்ட மூத்த மெக்கானிக்கும், "அப்படின்னா இது என் வேலையைப் பிடுங்க வரல, கையாள்தான்" என்று சொல்லிச் சிரித்தபடி உட்கார்ந்தார்.

எண்களும் ஏமாற்றும்

எண் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. சில எச்சரிக்கைகள்:

விகிதத்தை அளக்கும் 'வைட்பேண்ட்' சென்சார் உண்மையில் எண்ணெயை அளப்பதில்லை. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. எக்சோஸ்ட் குழாயில் சிறு கசிவு இருந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால், எண்ணெய் குறைவு என்று பொய் சொல்லும். ஒரு பிளக் எரியாமல் விட்டாலும், எரியாத ஆக்சிஜன் வெளியே வருவதால் அதே பொய்யைச் சொல்லும். அதை நம்பி எண்ணெயைக் கூட்டினால் நோய் இன்னும் முற்றும்.

அந்த சென்சார் தன்னைத்தானே 750 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக்கொண்டுதான் வேலை செய்யும். குழாயில் பொருத்தினால் அதற்கு மின்சாரம் கொடுத்தாக வேண்டும். சூடேறாமல் புகையில் கிடந்தால் கெட்டுப்போகும். குழாயின் அடிப்பக்கத்தில் பொருத்தினால் தேங்கும் தண்ணீர் பட்டு உடையும். மேல்பக்கமாகச் சாய்த்துப் பொருத்த வேண்டும். கருவியின் கையேடு சொல்லும் இடைவெளியில் வெளிக்காற்றில் வைத்து அளவைச் சரிபார்க்கவும் வேண்டும்.

விநாடிக்கு எத்தனை முறை பதிகிறது என்பதையும் பாருங்கள். விநாடிக்கு 10 முறை மட்டும் எழுதும் கருவி, 6,000 சுற்றில் பத்துச் சுற்றுக்கு ஒரு முறைதான் கண் திறக்கிறது. வெப்பத்தைப் பார்க்க அது போதும். நாக்கிங்கைப் பிடிக்கப் போதாது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். உள்ளே போகும் காற்று 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி 8 விழுக்காடு அளவுக்குக் குறையும். தெப்ராவ் நெரிசலில் அரை மணி நேரம் நின்ற காடியும், இரவுக் குளிரில் ஓடிய காடியும் ஒன்றல்ல. அதனால் ஒவ்வொரு பதிவோடும் தேதி, நேரம், வெயிலா மழையா, ரோன் 95 எண்ணெயா ரோன் 97 எண்ணெயா என்று குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பதிவு செய்யுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் நல்லது நடந்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

ஒரு தாயாரின் கேள்வி

மன்றத்தின் கடைசியில் ஒரு தாயார் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "இந்தக் கருவி இருந்தால் என் மகன் இன்னும் வேகமாகத்தானே ஓட்டுவான்?"

நியாயமான பயம். பதிவு செய்ய வேண்டுமானால் இஞ்சினை முழுவதும் மிதிக்க வேண்டும். அதைச் சாலையில் செய்யப் போனால், ஒருவர் ஓட்ட, இன்னொருவர் மடியில் கணினியை வைத்துக்கொள்ள, நடுச்சாமத்தில் பொதுச் சாலை பந்தயத் தடமாகிவிடும். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஆபத்தாக ஓட்டுவதையும், அனுமதியின்றிச் சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதையும் குற்றம் என்கிறது. இஞ்சினை மாற்றினால் ஜே.பி.ஜே. அனுமதியும் வேண்டும். சட்டத்தை விடுங்கள். எதிரே மோட்டார் சைக்கிளில் வேலை முடிந்து வருபவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.

ஆகவே அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கருவி வாங்கிக் கொடுக்கும்போதே இடத்தையும் சொல்லிக் கொடுங்கள். டைனோ மேடை இருக்கிறது. 1999-இல் திறக்கப்பட்ட சிப்பாங் தடம் இருக்கிறது. வேகம் அங்கே இருக்கட்டும். சாலையில் அதே கருவியைச் சாதாரணமாக ஓட்டும்போது மட்டும் பதிய விடுங்கள். எண்ணெய்ச் செலவு ஏன் கூடுகிறது, காலையில் இஞ்சின் ஏன் தடுமாறுகிறது என்று அது பொறுமையாகச் சொல்லும்.

உண்மையான பந்தய வீரர்கள் இந்தக் கோடுகளை மதித்துப் பழகியவர்கள். 2002-இல் புரோட்டோன் பெர்ட் காடியில் உலக ராலி தயாரிப்புக் காடிப் பிரிவின் வெற்றியாளரானார் நம் நாட்டின் கரம்ஜித் சிங். கோயம்புத்தூர் தமிழர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1-இல் நுழைந்து, அதே ஆண்டு சிப்பாங்கில் பதினோராம் இடத்தில் முடித்தார். ஃபார்முலா 1 காடியில் நூற்றுக்கணக்கான சென்சார்கள் உண்டு. ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநர் பொறியாளர்களோடு உட்கார்ந்து, எந்த வளைவில் எத்தனை மீட்டர் முன்னால் பிரேக் பிடித்தோம் என்று கோட்டைப் பார்த்துத் தன் தவற்றை ஒப்புக்கொள்வார். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் கருவியின் முன் தலை வணங்கும்போது நமக்கு மட்டும் ஏன் வீம்பு?

பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கையில் கறை படிந்த தொழில் தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே கை கோடுகளையும் படிக்கக் கற்றுக்கொண்டால், "எல்லாம் ஓகே" என்று வாயால் சொல்லத் தேவையில்லை. பதிவைக் காட்டி, "இதுதான் உங்கள் காடி, இதுதான் குறை, இதற்குத்தான் இவ்வளவு பணம்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லலாம். அந்த நம்பிக்கைக்கு மக்கள் தேடி வருவார்கள்.

வாடிக்கையாளர்களும் கேட்கப் பழக வேண்டும். டியூன் செய்த காடியைத் திரும்ப வாங்கும்போது, "பதிவைக் காட்டுங்கள் அண்ணே" என்று மரியாதையாகக் கேளுங்கள். கோபப்படாமல் காட்டுபவரிடம் மறுபடியும் போங்கள்.

தம்பியின் வீரா இன்றும் ஓடுகிறது. முதல் இஞ்சினின் ஓட்டை விழுந்த பிஸ்டனை அவன் தூக்கிப் போடவில்லை. வீட்டு மேசையில் பேனா போட்டு வைத்திருக்கிறான். பக்கத்தில் அண்ணன் அச்சடித்துக் கொடுத்த அந்த இரண்டு கோடுகள். வருகிறவர்கள் கேட்டால் விளக்கம் சொல்வான். நான் சொன்னதை விட நன்றாகவே சொல்வான்.